பிள்ளைக்கு எந்த ரத்தப் பரிசோதனை? சிவப்பில் அச்சானதும் அச்சாகாததும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு ரிப்போர்ட் அனுப்பினான். அவன் மகனுக்கு 12 வயது. கொஞ்சம் பூசினாற்போல் உடம்பு. தம்பியின் மாமனாருக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது என்பதால் வீட்டில் ஒரு பயம். ஒரு லேபில் "இதய பேக்கேஜ்" தள்ளுபடியில் போட்டிருக்கிறார்கள், அறுபதுக்கு மேல் பரிசோதனை, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள் என்றதும் எடுத்துவிட்டான். ரிப்போர்ட் ஒன்பது பக்கம். மூன்று இடத்தில் சிவப்பு. "அண்ணே, சிஆர்பி ஹை ரிஸ்க்னு போட்டிருக்கு, ஹார்ட்ல ஏதாச்சும் இருக்குமா?" என்று கேட்டான். பின்னால் அவன் மனைவி அழுகிற மாதிரி ஒரு குரல்.

நான் டாக்டர் இல்லை. லேபில் நிறைய வருடம் ரத்தம் எடுத்து, மெஷினில் ஓட்டி, ரிப்போர்ட் அச்சடித்தவன். அதனால் சொந்தபந்தத்தில் யாருக்கு ரிப்போர்ட் வந்தாலும் முதலில் எனக்குத்தான் வரும். ஒன்பது பக்கத்தையும் பார்த்து முடித்தபோது எனக்குத் தோன்றியது இது: சிவப்பில் இருந்த மூன்றுமே பெரிய விஷயமில்லை. கவனிக்க வேண்டிய எண்கள் எல்லாம் சாதுவாகக் கறுப்பில் அச்சாகி உட்கார்ந்திருந்தன.

சிவப்பில் இருந்தவை: ஹை சென்சிட்டிவிட்டி சிஆர்பி 4.2, ஹோமோசிஸ்டீன் (ரத்தத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலம்) 17, வைட்டமின் டி 16. கறுப்பில் இருந்தவை: மொத்தக் கொலஸ்ட்ரால் 169, ஹெச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால் என்பார்கள்) 41, ட்ரைகிளிசரைட் (ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பு) 148, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 98. எல்லாம் "நார்மல்". ஏன் நார்மல்? பக்கத்தில் அச்சாகியிருந்த எல்லைகள் பெரியவர்களுடையவை. கொலஸ்ட்ரால் 200க்குக் கீழே, ட்ரைகிளிசரைட் 150க்குக் கீழே. லேப் சாஃப்ட்வேரில் இந்த எல்லைகளை ஒருமுறை ஏற்றிவிட்டால் அவ்வளவுதான். பத்து வயதுப் பையனுக்கும் அறுபது வயதுத் தாத்தாவுக்கும் அதே கோடுதான் அச்சாகும். இதை நானே பல வருடம் அச்சடித்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கான கோடு வேறு. 2011இல் அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் அமைத்த நிபுணர் குழு ஒரு பட்டியல் தந்தது. இன்றும் குழந்தை மருத்துவர்கள் பலர் அதையொட்டித்தான் பார்க்கிறார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 170க்குக் கீழே இருந்தால் சரி, 200 தொட்டால் அதிகம். எல்டிஎல் 110க்குக் கீழே சரி, 130 தொட்டால் அதிகம். ட்ரைகிளிசரைட் பத்து வயதுக்குக் கீழே என்றால் 75க்குள் இருக்க வேண்டும், 100 தொட்டாலே அதிகம். பத்திலிருந்து பத்தொன்பது வயதுக்கு 90க்குள், 130 தொட்டால் அதிகம். ஹெச்டிஎல் 45க்கு மேலே நல்லது, 40க்குக் கீழே குறைவு. எல்லாமே ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

இப்போது பையனின் 148ஐப் பாருங்கள். பெரியவர் கணக்கில் பாஸ். அவன் வயதுக்கு அது அதிகம்.

இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டே எந்தப் பரிசோதனை எதற்கு உதவும் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். என் அளவுகோல் ஒன்றுதான்: எண் கூடுதலாக வந்தால் அந்தப் பிள்ளைக்கு நாம் ஏதாவது வித்தியாசமாகச் செய்வோமா? செய்ய மாட்டோம் என்றால் அந்த ஊசி எதற்கு?

மொத்தக் கொலஸ்ட்ராலா, நான்-ஹெச்டிஎல்லா?

நம் ஊரில் "கொலஸ்ட்ரால் எவ்வளவு?" என்றால் மொத்த எண்ணைத்தான் சொல்வார்கள். பிள்ளைகள் விஷயத்தில் இதுதான் அதிகம் ஏமாற்றும் எண். மொத்தத்தில் நல்லதும் கெட்டதும் கலந்தே கிடக்கிறது. ஒரு பெண்ணுக்கு மொத்தம் 175, ஹெச்டிஎல் 65 என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 110. இன்னொரு பையனுக்கும் அதே 175, ஆனால் ஹெச்டிஎல் 33. கழித்தால் 142. மொத்தம் ஒன்றே, ரத்தக் குழாய்க்குள் நடக்கிற கதை வேறு வேறு.

அந்தக் கழித்து வரும் எண்ணுக்குப் பெயர்தான் நான்-ஹெச்டிஎல். குழாயின் சுவரில் போய்ப் படியக்கூடிய எல்லா வகைக் கொலஸ்ட்ராலும் இதில் அடக்கம். பிள்ளைகளுக்கு 120க்குக் கீழே சரி, 145 தொட்டால் அதிகம், நடுவில் இருப்பது எல்லைக்கோடு. இதில் இரண்டு பெரிய வசதி உண்டு. ஒன்று, பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம். இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தாலும் மொத்தமும் ஹெச்டிஎல்லும் பெரிதாக மாறாது. காலையில் வெறும் வயிற்றில் எட்டு வயதுக் குழந்தையை லேபில் உட்கார வைத்திருக்கும் அம்மாக்களைப் பார்த்தவனுக்கு இதன் அருமை தெரியும். இரண்டாவது, தனியாகக் காசு கிடையாது. மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லைக் கழித்தால் போதும், ரிப்போர்ட்டில் அச்சாகாவிட்டாலும் பேனாவால் போட்டுக்கொள்ளலாம். நம் பையனுக்கு 169இல் 41 போக 128. எல்லைக்கோடு.

இந்தியப் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2016 முதல் 2018 வரை நாடு முழுக்க நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் பிள்ளைகளின் ரத்தமும் எடுக்கப்பட்டது. மொத்தக் கொலஸ்ட்ரால் அதிகமாக இருந்தவர்கள் 5 முதல் 9 வயதில் 3 சதவீதம், 10 முதல் 19 வயதில் 4 சதவீதம்தான். ஆனால் அதே சின்னப் பிள்ளைகளில் 34 சதவீதம் பேருக்கு ட்ரைகிளிசரைட் அதிகம். வளரிளம் பருவத்தில் 16 சதவீதம். ஹெச்டிஎல் குறைவு என்பது இந்த இரண்டு வயதுப் பிரிவிலுமே ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு. அதாவது நம் பிள்ளைகளின் சிக்கல் மொத்த எண்ணில் தெரிவதே இல்லை. கொலஸ்ட்ரால் மட்டும் எடுத்துப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குப் போனால், வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதைதான்.

வெறும் வயிற்று லிப்பிட் எப்போது?

லிப்பிட் என்றால் கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைட் எல்லாம் சேர்ந்த கொழுப்புப் பரிசோதனை. இதில் ட்ரைகிளிசரைட் மட்டும் சாப்பாட்டோடு ஏறி இறங்கும். அதனால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டுமென்றால் பட்டினி தேவை. எல்டிஎல்லும் பல லேபில் நேராக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைட்டில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிற கணக்குதான். ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கே உதவாது.

ஆக, பருமன் இல்லாத, குடும்பத்தில் சின்ன வயது மாரடைப்பு இல்லாத பிள்ளைக்குச் சாப்பிட்டபின் எடுக்கும் நான்-ஹெச்டிஎல் போதும். அது 145 தொட்டாலோ, பிள்ளை பருமனாக இருந்தாலோ, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தாலோ, வெறும் வயிற்று லிப்பிட். அதுவும் ஒருமுறை இல்லை, இரண்டு முறை. இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாரத்திலிருந்து மூன்று மாதம் இடைவெளி விட்டு, சராசரி எடுக்க வேண்டும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை நம்பிப் பிள்ளைக்கு "கொலஸ்ட்ரால்காரன்" என்று பட்டம் கட்டக் கூடாது. டெங்கு, டைஃபாய்டு மாதிரி ஏதாவது வந்து தேறிய கையோடும் எடுக்க வேண்டாம். காய்ச்சலில் கொலஸ்ட்ரால் தாழ்ந்துதான் காட்டும்.

எண் உண்மையிலேயே அதிகம் என்றால் டாக்டர் வேறு காரணங்களையும் தேடுவார். தைராய்டு குறைவு, சிறுநீரில் புரதம் போகும் நெஃப்ரோடிக் நோய், ஸ்டீராய்டு, முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், எல்லாமே லிப்பிடை ஏற்றும்.

அப்போ-பி: நல்ல பரிசோதனை, ஆனால் முதல் பரிசோதனை இல்லை

எல்டிஎல் என்பது துகள்களுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலின் எடை. அப்போ-பி என்பது துகள்களின் எண்ணிக்கை. படியக்கூடிய ஒவ்வொரு துகளிலும் ஒரே ஒரு அப்போ-பி புரதம்தான் இருக்கும். பத்து மூட்டை அரிசியைப் பெரிய லாரி இரண்டில் ஏற்றலாம், குட்டியானை ஐந்திலும் ஏற்றலாம். சரக்கு ஒன்றுதான், தெருவில் நெரிசல் ஒன்றில்லை. ட்ரைகிளிசரைட் கூடுதலாகவும் ஹெச்டிஎல் குறைவாகவும் இருப்பவர்களுக்குத் துகள்கள் குட்டி குட்டியாக இருக்கும். எல்டிஎல் நார்மலாகக் காட்டும், எண்ணிக்கை கூடியிருக்கும்.

நம் பையனுக்குச் சரியாக இந்தச் சாயல்தான். அதனால் அவனுக்கு இதை எடுத்தால் ஏதாவது சொல்லும். பிள்ளைகளுக்கு 90க்குக் கீழே சரி, 110 தொட்டால் அதிகம். பட்டினி வேண்டாம். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இதில் காசு போட வேண்டுமா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான்-ஹெச்டிஎல் இதன் வேலையில் பெரும்பகுதியை இலவசமாகச் செய்கிறது.

லைப்போபுரோட்டீன்-ஏ: வாழ்நாளில் ஒரு தடவை

அந்த அறுபது சொச்சத்தில் இது இல்லை என்பதுதான் வேடிக்கை. தம்பி குடும்பத்துக்கு உண்மையில் தேவைப்பட்டது இதுதான்.

லைப்போபுரோட்டீன்-ஏ என்பது எல்டிஎல் துகளில் இன்னொரு புரதம் ஒட்டிக்கொண்டது. எவ்வளவு இருக்கும் என்பதை மரபணு தீர்மானித்துவிடும். ஐந்து வயதுவாக்கில் ஏறக்குறைய பெரியவர் அளவுக்கு வந்துவிடும். அப்புறம் ஓட்டம், உணவு எதற்கும் பெரிதாக அசையாது. தெற்காசியர்களுக்கு ஐரோப்பியர்களைவிட இது கூடுதலாக இருப்பது தெரிந்த விஷயம். "அவர் ஒல்லி, பீடி சிகரெட் கிடையாது, 45இல் போய்ச் சேர்ந்துட்டார்" என்று நம் வீடுகளில் சொல்லும் சில கதைகளுக்குப் பின்னால் இது இருக்கலாம்.

இதைக் குறைக்கப் பிள்ளைகளுக்கு மருந்து கிடையாது. அப்படியானால் என் அளவுகோலின்படி இது தேறுமா? தேறும். எண் அதிகம் என்றால் அந்தப் பிள்ளையின் மற்ற எண்களை இன்னும் கறாராகப் பார்ப்போம், புகை பக்கம் போகவிடாமல் கண்காணிப்போம். அதைவிட முக்கியம், அப்பா அம்மாவில் ஒருவருக்கும் அது இருக்கும். பிள்ளைக்கு எடுத்த ரத்தம் 40 வயது அப்பாவைக் காப்பாற்றுவது நடக்கிற காரியம்.

ஒரு எச்சரிக்கை. சில லேப் மில்லிகிராமில் தருவார்கள், சில நானோமோலில். பெரியவர்களில் 50 மில்லிகிராம் அல்லது 125 நானோமோல் தாண்டினால் அதிகம் என்பது வழக்கம். பிள்ளைகளுக்குப் பலரும் 30 மில்லிகிராமிலிருந்தே கவனிக்கிறார்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்ற நேரான வாய்ப்பாடு கிடையாது. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துப் பதறியவர்களை எனக்குத் தெரியும்.

சிவப்பில் வந்த இருவர்

சிஆர்பி என்பது உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது என்ற மணி. எங்கே என்று சொல்லாது. பெரியவர்களுக்கு இதய ஆபத்தைக் கணிக்க 1க்குக் கீழே, 3க்கு மேலே என்று கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோடுதான் பையனின் ரிப்போர்ட்டில் "ஹை ரிஸ்க்" என்று வந்தது. "ரத்தம் எடுத்தன்னிக்கு சளி இருந்துச்சா?" என்று கேட்டேன். "ஆமாண்ணே, மூக்கு ஒழுகிட்டுத்தான் இருந்தான்." இரண்டு வாரம் கழித்து எடுத்தபோது 0.6. பருமனான பிள்ளைகளுக்கு இது சராசரியாகக் கொஞ்சம் கூடித்தான் இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரு தனிப் பிள்ளையின் எண்ணை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. அந்த 2011 குழுவும் பிள்ளைகளுக்கு இதை வழக்கமாக எடுக்கப் போதிய சான்று இல்லை என்றே சொன்னது.

ஹோமோசிஸ்டீனும் அப்படித்தான். இது கூடியிருப்பவர்களுக்கு மாரடைப்பு கூடுதல் என்று ஒரு காலத்தில் பெரிய எதிர்பார்ப்பு. 2006இல் வெளிவந்த பெரிய ஆய்வுகளில் பி வைட்டமின் கொடுத்து எண்ணைக் குறைத்தார்கள், மாரடைப்பு குறையவில்லை. நம் ஊர்ப் பிள்ளைக்கு இது அதிகம் என்றால் பெரும்பாலும் பி12 குறைவு என்றுதான் அர்த்தம். அது சரி செய்ய வேண்டியதுதான், ஆனால் அதற்கு பி12ஐயே அளக்கலாமே. வைட்டமின் டியைப் பற்றி இங்கே பேச ஒன்றுமில்லை.

சர்க்கரைப் பக்கம்

பருமனான பிள்ளைக்கு லிப்பிடோடு சர்க்கரையையும் பார்க்க வேண்டும். பத்து வயதிலிருந்து, அல்லது அதற்கு முன்பே பருவமாற்றம் தொடங்கிவிட்டால் அப்போதிருந்து. இங்கே கேள்வி, வெறும் வயிற்றுச் சர்க்கரையா, மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சியா? பட்டினி வேண்டாம் என்பதால் எல்லோரும் இரண்டாவதைத்தான் விரும்புகிறார்கள். நம் நாட்டில் அதில் ஒரு பொறி இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 9 இருக்கிற பெண்ணுக்கு 5.8 என்று வந்ததும் "ப்ரீடயாபெடிஸ்" என்று சொல்லிவிட்டால், அது சர்க்கரையின் தப்பா இரும்பின் தப்பா? ஆகவே பெண் பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபினும் சேர்த்துப் பார்ப்பேன். சந்தேகம் என்றால் வெறும் வயிற்றுச் சர்க்கரை.

இன்சுலின் அளவு வேண்டாம். லேபுக்கு லேப் மாறும், பருவ வயதில் தானாகவே ஏறும். அதற்குப் பதில் பிள்ளையின் பின்கழுத்தைப் பாருங்கள். தேய்த்தாலும் போகாத கறுப்பு, வெல்வெட் மாதிரித் தடிப்பு இருந்தால், இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்ற சேதியை ஊசி இல்லாமலே அது சொல்லும். கல்லீரல் கொழுப்புக்காக ஏஎல்டி என்ற கல்லீரல் நொதியை எடுத்துப் பார்ப்பது நல்லது. அதிலும் லேப் கோடு 40, 45 என்று இருக்கும். பெண் பிள்ளைக்கு 22, ஆண் பிள்ளைக்கு 26 என்பதுதான் நிபுணர்கள் சொல்லும் மேல்வரம்பு.

யாருக்கு எடுப்பது?

இதில் மருத்துவ உலகமே ஒத்துப்போகவில்லை. அந்த 2011 குழு 9 முதல் 11 வயதில் எல்லாப் பிள்ளைக்கும் ஒருமுறை, 17 முதல் 21க்குள் இன்னொரு முறை எடுக்கச் சொன்னது. நடுவில் ஏன் இல்லை? பருவமாற்றத்தின்போது கொலஸ்ட்ரால் தானாக இறங்கும்; அப்போது எடுத்தால் இருக்கிற சிக்கலும் ஒளிந்துகொள்ளும். ஸ்லோவேனியா 1995இலிருந்தே ஐந்து வயதில் எல்லாக் குழந்தைக்கும் கொலஸ்ட்ரால் பார்க்கிறது. மறுபக்கம், அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2016இலும் 2023இலும் "எல்லோருக்கும் எடு என்றோ எடுக்காதே என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை" என்றது.

குடும்பத்தில் இருந்தால் மட்டும் எடுக்கலாம் என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபதாயிரம் பேருக்கு எடுத்துப் பார்த்தார்கள். குடும்பத்தில் ஒன்றும் இல்லை என்றவர்களிலேயே 9.5 சதவீதம் பேருக்கு லிப்பிட் சரியில்லை. நம் வீடுகளில் இன்னும் மோசம். "நெஞ்சு வலின்னு படுத்தார், காலையில எழுந்திருக்கல" என்பதுதான் தாத்தாவின் மருத்துவ வரலாறு.

எல்லோருக்கும் எடுக்கலாம் என்ற பக்கம் நான் சாய்வதற்கு ஒரே காரணம், பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு. பிறந்ததிலிருந்தே எல்டிஎல் அதிகம், பிள்ளை ஒல்லியாக ஓடியாடிக்கொண்டிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. நெதர்லாந்தில் இப்படிப்பட்ட 214 பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்து) தொடங்கி 20 வருடம் கழித்துப் பார்த்தார்கள், 2019இல் வெளியிட்டார்கள். 39 வயதுக்குள் இதய நோய் வந்தது அவர்களில் 1 சதவீதத்துக்கு. அதே நோய் இருந்த, அந்த வயதில் ஸ்டாட்டின் கிடைக்காத அவர்கள் பெற்றோரில் 26 சதவீதத்துக்கு. இந்தப் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண லிப்பிட் போதும். வழக்கமாகப் பத்து வயதுக்கு மேல், உணவுமுறைக்குப் பிறகும் எல்டிஎல் 190 தொட்டால், அல்லது குடும்ப வரலாறோ வேறு ஆபத்துக் காரணமோ சேர்ந்து 160 தொட்டால், டாக்டர் மருந்து பற்றிப் பேசுவார்.

"பிள்ளைக்குப் போய் இதய நோயா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களைப் பிரித்துப் பார்த்து 1953இல் எழுதினார்கள். சராசரி வயது 22. 77 சதவீதம் பேரின் இதயத் தமனியில் ஏதோ ஒரு அளவில் நோயின் தடம் இருந்தது.

தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான். மூன்று வாரம் விட்டு வெறும் வயிற்று லிப்பிட் இன்னொரு முறை. கூடவே லைப்போபுரோட்டீன்-ஏ ஒரு தடவை, ஹெச்பிஏ1சி, ஏஎல்டி. குழந்தை மருத்துவரிடம் காட்டும்போது ரத்த அழுத்தம் பார்க்கச் சொல். மாமனாருக்கு 52இல் வந்தது என்பதையும் சொல். ஆண் என்றால் 55க்கு முன், பெண் என்றால் 65க்கு முன் வந்ததெல்லாம் கணக்கில் சேரும். அதற்குள் ட்யூஷன் இடைவேளையில் அவன் குடிக்கிற பாட்டில் ஜூஸை நிறுத்து; ட்ரைகிளிசரைட்டுக்கு எண்ணெயைவிடச் சர்க்கரையும் மைதாவும்தான் பெரிய தீனி.

மூன்று வாரம் கழித்து லேபுக்குப் போனவன் அங்கிருந்தே கூப்பிட்டான். "அண்ணே, நாலையும் தனித்தனியா எடுத்தா பேக்கேஜைவிட ஜாஸ்தியாம். பேக்கேஜோட எல்பி-ஏ மட்டும் சேத்துக்கங்க, சல்லிசுன்னு சொல்றாங்க." சரி, எடு, முதல் மூன்று பக்கம் மட்டும் எனக்கு அனுப்பு என்றேன். சாயங்காலம் வந்தது. லைப்போபுரோட்டீன்-ஏ 18 மில்லிகிராம், நல்ல செய்தி. ட்ரைகிளிசரைட் 134, கறுப்பில். பெயருக்குப் பக்கத்தில் வயது 12 என்று சரியாக அச்சாகியிருந்தது. நாலு வரி கீழே, அதே 150.